கோணேசபுரி கம்பஸுக்குப் போற பிள்ளைக்கு ஆரைக் காட்டுறது? (கிழக்குப் பல்கலைக்கழக ஆசிரியர்கள், பட்டதாரிகள்)

#1 உப்புவெளி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரக் கலைப்பிரிவுக்குத் தமிழ் படிப்பிக்கிறன். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்த அண்டைக்குப் பின்னேரம் ஒரு பிள்ளை எங்கட கேற்றடியில வந்து நிண்டுது. கையில போன், கண் கலங்கிக் கிடக்கு. கிடைக்கேல்லையாக்கும் எண்டு பயந்துபோனன். "கிடைச்சிட்டுது டீச்சர். ஆனா கிழக்குத்தான்" எண்டுது.

அந்தத் "தான்" என்னை இரவு முழுக்க நித்திரை கொள்ள விடேல்லை. அந்த வீட்டில முதன்முதல் பல்கலைக்கழகம் போற பிள்ளை அது. தாய் இடியப்பம் அவிச்சு வித்துப் படிப்பிச்சவ. சந்தோசப்பட வேண்டிய நேரத்தில வெக்கப்பட்டுக்கொண்டு நிக்குது. ஏனம்மா எண்டு கேட்டன். "பேராதனை எண்டால் எத்தினை பெரிய ஆக்கள். எங்கட கம்பஸில ஆர் இருக்கினம்?"

எனக்குச் சட்டெண்டு மறுமொழி வரேல்லை. எங்கட பள்ளிக்கூட நூலகத்தில ஒரு சுவர் சும்மா கிடக்கு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிப்பிச்ச, படிச்ச ஆக்களைப் பற்றி எழுதி ஒட்டப் போறன். பேரும் பட்டமும் மட்டும் வேண்டாம். அந்த ஆள் என்ன வேலை செய்தார் எண்டது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கவேணும். தெரிஞ்சதைச் சொல்லுங்கோ.

#2 பாலையூற்று

நல்ல காரியம் டீச்சர். முதலில பல்கலைக்கழகம் எப்ப வந்தது எண்டதைச் சுவரில போடுங்கோ, அது கனபேருக்குத் தெரியாது. 1981 ஆகஸ்ட் 1 மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில தொடங்கினது. 1986 அக்டோபர் 1 முழுப் பல்கலைக்கழகம் ஆனது. திருகோணமலையில 1993இல இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 2001இல திருகோணமலை வளாகம், இப்ப கோணேசபுரி கம்பஸ் எண்டுறது அதைத்தான். யோசிச்சுப் பாருங்கோ, எங்கட வளாகத்துக்கு வயது அந்தப் பிள்ளையின்ர வயதை விடக் கொஞ்சம்தான் கூட. பேராதனையில இருக்கிறது 1942இல தொடங்கின இலங்கைப் பல்கலைக்கழகத்தின்ர வேர். ரெண்டையும் ஒரே கோல் வைச்சு அளக்கிறது நியாயமில்லை.

அதுவும் சும்மா 1986 இல்லை. பிறந்த நாலாம் வருசமே யுத்தம் வாசலுக்கு வந்த பல்கலைக்கழகம்.

#3 உவர்மலை சிவா

விபுலானந்த அடிகளை முதலில போடுங்கோ. கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர், யாழ் நூல் எழுதினவர்.

#4 பெருந்தெரு

தம்பி சிவா, பிள்ளைகள் வாசிக்கப்போகும் சுவர், ஆகவே திருத்திவிடுகிறேன். அடிகளார் 1947 ஜூலை 19 அன்று மறைந்தார். கிழக்குப் பல்கலைக்கழகம் கல்லூரியாகத் தொடங்குவதற்கே 34 ஆண்டுகளுக்கு முன்பு. அவர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பெயர் வழியாகத்தான் அந்த உறவு.

ஆனால் அவரை விட்டுவிடவும் வேண்டாம். அவர் நம்முடைய ஊரில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர். விஞ்ஞானப் பட்டதாரி. பண்டைய யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டு, எந்த நீளத்துக்கு எந்தச் சுரம் என்று விகிதம் பிடித்துச் சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதியை விளங்கவைத்தார். தமிழும் கணிதமும் ஒரே மேசையில். அந்த நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஆறேழு கிழமைக்குள் அவர் போய்விட்டார். கலைப்பிரிவுப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று நாமே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

#5 உவர்மலை சிவா

நன்றி சேர். பிழையை ஏற்றுக்கொள்ளுறன். இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

#6 வாவிக்கரை

நான் மட்டக்களப்பான், கலியாணம் கட்டி இஞ்ச வந்து இருபது வருசம். டீச்சர், உங்கட சுவரில நடுவில வரவேண்டிய ஆள் பேராசிரியர் சி. மௌனகுரு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில நுண்கலைத்துறையை நடத்தினவர்.

எங்கட அப்பா மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில ஆடினவர். சுத்திவர ஆக்கள் இருந்து பார்க்க வட்டக்களரி கட்டி, இரவு ஒம்பதுக்குத் தொடங்கினா விடியச் சூரியன் கிளம்பத்தான் முடியும். கிரீடமும் கூத்துடுப்பும் போட்டால் ஆள் ரெண்டு மடங்கு. உடுப்பின்ர பாரத்தோட சுத்தி ஆடவேணும், ஆடிக்கொண்டே பாடவேணும். விடியச் சட்டையைக் கழட்டினா அப்பான்ர தோளில கயிறு வெட்டின தழும்பு சிவந்து கிடக்கும், அம்மா எண்ணெய் பூசுவா. அந்த நேரம் படிச்ச ஆக்களுக்கு இது நாட்டான் ஆட்டம்.

பேராதனையில பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை மாத்தினார். 1956இல அங்க பேராசிரியர் சரச்சந்திர சிங்கள மரபை எடுத்து 'மனமே' நாடகம் போட்டதை அவங்க பக்கத்திலயே நிண்டு பார்த்தவங்க. எங்களிட்ட இருக்கிறதை நாங்க ஏன் எடுக்கேல்லை எண்ட கேள்வி வந்திட்டுது. வித்தியானந்தன் ஊர் ஊரா வந்து கூத்துப் பழக்கிற அண்ணாவிமாரைக் கண்டு, மாணவருக்குப் பழக்குவிச்சு, 1962இல 'கர்ணன் போர்', பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' எண்டு மேடையேத்தினார். விடிய விடிய ஆடுறதை ஒண்டரை மணித்தியால அளவுக்குச் சுருக்கி, வட்டக்களரியில இருந்து ஒருபக்க மேடைக்குக் கொண்டு வந்தார். அந்த 'இராவணேசனில' இராவணனா ஆடினது அப்ப மாணவனா இருந்த மௌனகுரு. அமிர்தகழியில பிறந்த பொடியன்.

மறுகா அவர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆய்வா எடுத்துக் கலாநிதிப் பட்டம் வாங்கினார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில பேராசிரியரா வந்து, அண்ணாவிமாரின்ர பேரப்பிள்ளையளுக்கே அந்தத் தாளக்கட்டைப் பாடமாப் படிப்பிச்சார். ஓய்வு பெற்ற பிறகும் மட்டக்களப்பில அரங்க ஆய்வு கூடம் வைச்சுப் பழக்கினார்.

எங்கட அப்பா கையெழுத்துப் போட மட்டும் தெரிஞ்சவர். பல்கலைக்கழகத்தில கூத்துக்குப் பட்டம் குடுக்கிறாங்களாம் எண்டு நான் சொன்ன அண்டைக்கு அவர் ஒண்டும் பேசேல்லை. எழும்பிப் போய்ப் பரணில கிடந்த சல்லரியை, கூத்துக்குத் தாளம் போடுற கைத்தாளத்தை, எடுத்துத் துடைச்சு மடியில வைச்சுக்கொண்டிருந்தார்.

#7 உப்புவெளி டீச்சர்

அண்ணை, உங்கட பதிவை ரெண்டு தரம் வாசிச்சன். அந்தச் சல்லரியைப் படம் எடுத்து அனுப்ப ஏலுமா? சுவரில போட விருப்பம்.

#8 இன்னர் ஹாபர்

நான் கொஞ்சம் மாறிச் சொல்லப் போறன், கோவிக்காதைங்கோ. நானும் கோணேசபுரிப் பட்டதாரிதான். வேலைக்குப் போன ஒரு நேர்முகத்தில, பேர் சொல்ல விரும்பேல்லை, பட்டச் சான்றிதழைப் பார்த்ததும் கோவையை மூடி வைச்சிட்டினம். மூண்டு கேள்விதான் கேட்டவை. அண்டைக்கு வீட்டை வந்து அம்மாட்ட நல்லாச் செய்தன் எண்டு பொய் சொன்னன்.

ஆனபடியால் அந்தப் பிள்ளையின்ர "தான்" எனக்கு நல்லா விளங்குது. அதுக்காகப் பேராதனை ஆக்களை இரவல் வாங்கிச் சுவரில ஒட்டுறது சரியா? வித்தியானந்தன் பேராதனை, பிறகு யாழ்ப்பாணத்தில முதல் துணைவேந்தர். விபுலானந்தர் எங்களுக்கு முந்தினவர். மௌனகுரு சேரும் படிச்சது அங்க. எங்கட பட்டதாரியள் எங்க? பிள்ளை வளாகத்துக்குப் போய்ப் பார்த்து, சுவரில இருந்தது வேற இடத்து ஆக்கள் எண்டு கண்டால் இன்னும் உடைஞ்சுபோகும். உள்ளதைச் சொல்லுங்கோ.

#9 பெருந்தெரு

தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பட்டியலில் யார் எங்கே படித்தார், எங்கே படிப்பித்தார் என்பதைக் கலந்து எழுதக்கூடாது. ஆனால் "இரவல்" என்ற சொல்லை ஏற்கமாட்டேன். பேராதனைத் தமிழ்த்துறையும் ஒருகாலம் புதிது. விபுலானந்தருக்குப் பின் அங்கே பேராசிரியர் கதிரையில் இருந்த க. கணபதிப்பிள்ளை லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்தவர். அவரிடம் படித்தவர் வித்தியானந்தன், அவரிடம் படித்தவர் மௌனகுரு, அவரிடம் படித்தவர்கள்தான் இன்று கிழக்கில் படிப்பிக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் தன் முதல் தலைமுறை ஆசிரியரை வெளியில் இருந்துதான் எடுக்கும். தமிழ் இலக்கிய விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்துவிட்டு வந்தவர்கள். அதனால் அவர்களை பர்மிங்ஹாமின் இரவல் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னும் பின்னுக்குப் போனால் இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லாத காலம். நம் ஊரில் பிறந்த அண்ணன் தம்பி இருவர், தி. த. கனகசுந்தரம்பிள்ளை (1863–1922), தி. த. சரவணமுத்துப்பிள்ளை (1865–1902). 'தி' என்பது திருகோணமலை. இருவரும் கடல் கடந்து சென்னைக்குப் போய்ப் படித்தார்கள். தம்பி 1892இல் 'தத்தை விடு தூது' எழுதினார், பெண்ணுக்குத் தன் மணத்தைத் தான் தீர்மானிக்கும் உரிமை வேண்டும் என்று பேசும் தூது நூல். 1895இல் 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல். முப்பத்தேழு வயதில் முடிந்துபோன வாழ்க்கை. உப்புவெளி டீச்சரின் பிள்ளை பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இன்று பட்டம் இருக்கிறது. அந்த இருவருக்கும் அது கிடைக்கவில்லை.

#10 கிண்ணியா பாத்திமா

அஸ்ஸலாமு அலைக்கும். பஸ்ஸில போய் வாற தூரம் எண்டு சேர் சொன்னதும் எனக்கு அழுகை வந்திட்டு. நான் திருகோணமலை வளாகத்தில தொடக்க காலத்துப் பட்ச். அப்ப கிண்ணியாப் பாலம் இல்ல, அது 2009லதான் திறந்தாங்க. விடியச் சுபஹு தொழுதிட்டு, பாதை (ஆக்களை ஏத்தி இறக்கிற மிதவை) ஏறி அக்கரைக்கு வந்து, பஸ் பிடிச்சு டவுனுக்கு வந்து, அங்க இருந்து நிலாவெளி பஸ். பாதை பழுதெண்டா அண்டைக்கு லெக்சர் இல்ல. மழைக்குப் புத்தகத்தைப் பொலித்தீன்ல சுத்தி நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிப்பன். எங்கட வாப்பா பாதையடி வரைக்கும் வந்து, அது அக்கரை சேரும் வரைக்கும் நிண்டு பார்த்துக்கொண்டு இருப்பாரு.

இன்னர் ஹாபர் தம்பி கேட்ட பட்டதாரியள் நாங்கதான். என்ட பட்சில படிச்சவங்க இண்டைக்கு மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் பக்கம் பள்ளிக்கூடத்திலயும் பிரதேச செயலகத்திலயும் வங்கியிலயும் இருக்காங்க. பேர் பத்திரிகையில வராது. ஆனா பத்து வருசமா கணித ஆசிரியர் இல்லாமக் கிடந்த பள்ளிக்கூடத்துக்கு ஆள் போனது எங்கட வளாகத்தில இருந்துதான், என்ட மகனுக்கு அவங்கதான் படிப்பிச்சாங்க. டீச்சர், சுவரில அதுக்கும் ஒரு மூலை வைங்க.

#11 மூதூர் மகள்

பாத்திமா அக்கா, உங்களுக்குப் பெரிய நன்றி. இதுவரைக்கும் சொன்ன பேர் முழுக்க ஆம்பிளையளின்ர பேர் எண்டதைக் கவனிச்சனீங்களா? பேராசிரியர் சித்திரலேகா மௌனகுருவை எப்பிடி மறந்தீங்கள்? கிழக்குப் பல்கலைக்கழகத்தில தமிழ் படிப்பிச்ச பேராசிரியர். 1986இல வந்த 'சொல்லாத சேதிகள்' தொகுப்பைக் கொண்டு வந்ததில முன்னுக்கு நிண்டவ. ஈழத்துப் பெண்கள் எழுதின கவிதையள் ஒரு தொகுப்பா வெளிவந்தது அதுதான் முதல். போருக்கு நடுவில, தாயும் மகளும் தோழியும் என்ன நினைச்சினம் எண்டு பெண்ணின்ர வாயால கேட்ட புத்தகம். பின்னால எழுத வந்த எத்தினையோ பேருக்கு அதுதான் கதவு. நானே அதில ஒருத்தி, பதினேழு வயதில ஒரு போட்டோக் கொப்பியிலதான் வாசிச்சனான்.

எங்கட மூதூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தரையும் சேருங்கோ. சேனையூர்க்காரர் பாலசுகுமார், கிழக்குப் பல்கலைக்கழகத்தில கலை கலாசாரப் பீடாதிபதியா இருந்தவர்.

#12 இன்னர் ஹாபர்

பாத்திமா அக்கா, அந்தப் பாதையடி வாப்பாவை நான் மறக்கமாட்டன். நான் கேட்டதில பிழை இல்லை, ஆனா நான் தேடின இடம் பிழை.

#13 கந்தளாய் பொறியியல்

தமிழ், வரலாறு மட்டும்தானா? விஞ்ஞானப் பிள்ளையளும் கோணேசபுரிக்குப் போகினம், பிரயோக விஞ்ஞானம் இருக்கு, சித்த மருத்துவம் இருக்கு. கிழக்கில படிப்பிச்சவர் இல்லையெண்டாலும் பேராசிரியர் அ. துரைராஜாவை ஒருக்கால் சொல்லுங்கோ. இலங்கைப் பல்கலைக்கழகப் பட்டதாரி, வடமராட்சிக்காரர். கேம்பிரிட்ஜில ரொஸ்கோ, ஸ்கோஃபீல்டோட சேர்ந்து 1963இல களிமண் எப்பிடி இளகி விட்டுக்கொடுக்குது எண்டு எழுதின கட்டுரை, இண்டைக்கும் மண் பொறியியல் படிக்கிற எல்லாரும் தொடங்கிற இடம். நாங்கள் கட்டடம் கட்ட முதல் மண்ணைக் குழாயில எடுத்து, நெருக்கி, எந்த இடத்தில அது இனித் தாங்காது எண்டு பார்க்கிறம், அந்தக் கணக்கின்ர அடியில அவர் இருக்கிறார். அப்பிடிப்பட்ட ஆள் 1988இல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரா வந்து, பெற்றோல் இல்லாத காலத்தில சைக்கிளில போய் வந்து, 1994இல சாகும் வரைக்கும் நடத்தினார்.

#14 உப்புவெளி டீச்சர்

அவரைப் பௌதிகம் படிப்பிக்கிற சேரிட்டச் சொல்லி ஆய்வுகூடச் சுவரில போடுவம். என்ர சுவர் கிழக்கோடயே நிக்கட்டும்.

#15 வாவிக்கரை

ஒரு பேர் இன்னும் வரேல்லை. சொல்லப் பயந்தா விட்டீங்க? பேராசிரியர் சி. இரவீந்திரநாத். விவசாயப் பேராசிரியர், கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 2006 டிசம்பர் 15 கொழும்பில ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில காணாமலாக்கப்பட்டவர். இண்டைக்கு வரைக்கும் வரேல்லை.

#16 பெருந்தெரு

அவரைச் சேர்க்க வேண்டும். எப்படிப் போனார் என்பதோடு என்ன படிப்பித்தார் என்பதையும் எழுதுங்கள். விவசாயம் படிப்பித்த மனிதர் என்று பிள்ளைகள் அறியட்டும்.

#17 நிலாவெளி ரோட்

நான் இப்ப வளாகத்தில படிக்கிறன், சித்த மருத்துவம். இந்த இழையை எங்கட விடுதியில சத்தமா வாசிச்சம்.

ஒரு விசயம் கேக்கவேணும். எங்கட வளாகத்துக்குக் கிட்ட, நிலாவெளியில ஒரு கல்வெட்டு இருந்தது எண்டு கேள்விப்பட்டன். அதை வாசிச்சது பல்கலைக்கழக ஆக்களா?

#18 பெருந்தெரு

நல்ல கேள்வி மகள். இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

1970களில் பேராதனையில் இருந்த செ. குணசிங்கம் திருகோணமலைச் சாசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துப் பதிப்பித்தார். 1973இல் கோணேஸ்வரம் பற்றி ஒரு நூலும் எழுதினார். கா. இந்திரபாலா இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தேடி எழுதினார், பின்னர் யாழ்ப்பாணத்தில் வரலாற்றுத்துறையைக் கட்டியெழுப்பினார். சி. பத்மநாதன் இலங்கைத் தமிழ்ச் சாசனங்களைத் தொகுத்தார். மூவரும் அரச பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள். இவர்கள் வந்து வாசிக்கும்வரை அந்தக் கற்கள் நமக்கு வெறும் கற்கள்.

நிலாவெளிக் கல்வெட்டு சோழர் காலத்தது. கோணேசர் கோயிலுக்கு 250 வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. கோயிலின் இறைவனை மச்சகேஸ்வரமுடையார் என்கிறது. நிலத்தின் கிழக்கெல்லை கடல். நீங்கள் விடுதி யன்னலால் பார்க்கும் அதே கடல்.

பிரட்றிக் கோட்டை வாசலுக்குப் போயிருப்பீர்கள். உள்ளே நுழையும்போது நிலைக்கல்லில் இரட்டைக் கயல் செதுக்கி, கீழே தமிழ் எழுத்து. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி" என்று தொடங்கிப் பாதியில் உடைந்துபோயிருக்கும். குளக்கோட்டன் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன், பறங்கி என்பது போர்த்துக்கேயர். 1622இல் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டைக்கு வைத்துக் கட்டிவிட்டார்கள். தினமும் ஆயிரம் பேர் கோயிலுக்கு அந்த வாசலால் போகிறார்கள். எத்தனை பேர் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள்? நான் என் மாணவர்களை அதன் கீழ் நிறுத்தி, வெயில் சரியும் நேரத்தில் வாசிக்கச் சொல்வேன். நாலு மணிக்குப் பிறகு நிழல் விழுந்து எழுத்து எழும்பும். உச்சி வெயிலில் தெரியாது.

#19 கிண்ணியா பாத்திமா

பெருந்தெரு சேர், எங்கட பக்கத்து ஆள் ஒருத்தர். பேராசிரியர் எம். ஏ. நுஃமான், கல்முனைக்காரர், கவிஞர், பேராதனையில தமிழ்ப் பேராசிரியரா இருந்தவரு. அவர்ட 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' புத்தகம் இல்லாம நான் சோதினை பாஸ் பண்ணி இருக்கமாட்டன்.

#20 பாலையூற்று

இலக்கணம் எண்டதும் ஞாபகம் வருது. பேராசிரியர் அ. சண்முகதாஸ் 1940இல திருகோணமலையில பிறந்தவர். எடின்பரோவில மொழியியல் ஆய்வு. யாழ்ப்பாணத்தில பேராசிரியர். அவரும் மனைவி மனோன்மணி சண்முகதாஸும் யப்பானில சுசுமு ஓனோ எண்ட மொழியியலாளரோட சேர்ந்து தமிழையும் யப்பானிய மொழியையும் ஒப்பிட்டவை. நாங்கள் "பொங்கலோ பொங்கல்" எண்டு கூப்பிடுறது போல, யப்பானில சில கிராமங்களில தைமாதத்துச் சின்னப் புதுவருசத்துக்கு "ஹொங்கர ஹொங்கர" எண்டு கூப்பிடுவினம் எண்டது ஓனோ காட்டின ஒரு உதாரணம். அந்த முடிவைக் கன மொழியியலாளர் ஏற்கேல்லை, அதையும் பிள்ளையளுக்குச் சொல்லவேணும். ஆனா எங்கட ஊர்ப் பிள்ளை அவ்வளவு தூரம் போய்க் கேள்வி கேட்டிருக்கு.

#21 உப்புவெளி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இந்த இழையைக் காட்டினன். கூத்துப் பதிவில நிண்டிட்டுது. தன்ர அம்மப்பாவும் கூத்து ஆடினவராம், வீட்டில ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கிறதில்லையாம். பிறகு எட்டாம் பதிவைக் காட்டி, இந்த அண்ணை பிறகு வேலை எடுத்தவரா எண்டு கேட்டுது. எனக்குத் தெரியாது எண்டன்.

#22 இன்னர் ஹாபர்

எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. திருகோணமலையிலதான், ஒன்பது வருசமாகுது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கோட்டை வாசலடிக்கு வாறன். பெருந்தெரு சேர் வந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கல்லை வாசிச்சுப்போட்டு, சுவரில என்ன எழுதுறது எண்டு அங்கயே இருந்து கதைப்பம்.

#23 பெருந்தெரு

வருகிறேன். மூன்றே முக்காலுக்கு நிற்பேன்.

#24 வாவிக்கரை

சல்லரியையும் கொண்டு வாறன் டீச்சர். படம் எடுக்கிறதை விட நேரில பார்க்கட்டும்.